படம் வந்தது, சவாரி போனது: தீம் பார்க்குகளில் பழையவை மறையும் பின்னணி

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்கா 1971-இல் திறக்கப்பட்டபோது அதற்குள் ஓர் ஆறு வெட்டியிருந்தார்கள். ஆற்றில் பெரிய சக்கரம் வைத்த நீராவிப் படகு சுற்றி வரும். 1973-இல் ஆற்றின் நடுவே டாம் சாயர் தீவும் வந்தது. தெப்பத்தில் ஏறித்தான் தீவுக்குப் போக முடியும். அங்கே குகைகளும், மரப்பாலங்களும், ஒரு பழைய கோட்டையும் இருந்தன. ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்ட வேண்டிய வண்டி எதுவும் இல்லை. பிள்ளைகள் மனம்போல ஓடுவார்கள். பெற்றோர் நிழலில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பார்கள். 2025 ஜூலை 6 அந்த ஆற்றுக்கும் தீவுக்கும் கடைசி நாள். அந்த இடத்தில் பிக்ஸாரின் 'கார்ஸ்' படங்களை ஒட்டிய புதிய பகுதி எழும்புகிறது.

தீவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் கால் வைக்கிறார்கள், ஒரு கார் சவாரியில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணக்குப் போட்டால் நிர்வாகத்தின் முடிவு சரியென்றே தோன்றும். ஆனால் நாள் முழுவதும் இசையும் கூச்சலும் நெரிசலுமாக இருக்கும் ஒரு பூங்காவில், எதுவும் நடக்காத ஒரு பெரிய நீர்ப்பரப்பு மற்ற சவாரிகளுக்கு மூச்சுவிடும் இடைவெளியாக இருந்தது. அதன் பயன் எந்த எண்ணிக்கையிலும் ஏறாது. இழப்பை முன்கூட்டி யாராலும் நிரூபிக்க முடியாமல் போனதற்கும் அதுவே காரணம்.

இப்படி மறைந்தவை பல. யுனிவர்சல் ஆர்லாண்டோவில் 1990 முதல் ஓடிய 'ஜாஸ்' சுறாப் படகு 2012 ஜனவரியில் நின்றது. 2017 ஆகஸ்ட் 13 அன்று ஒரே நாளில் டிஸ்னி தன் ஃப்ளோரிடா பூங்காக்களில் இரண்டு பெரிய சவாரிகளை மூடியது. ஒன்று, 1989 முதல் பழைய ஹாலிவுட் படங்களின் காட்சிகளுக்குள் பார்வையாளர்களை அழைத்துச்சென்ற 'கிரேட் மூவி ரைட்'. மற்றது, எப்காட் பூங்காவின் எரிசக்தி மண்டபம். கூரையில் சூரியத் தகடுகள், உள்ளே நகரும் இருக்கை வரிசைகள், ஆளுயரத்தைத் தாண்டிய டைனோசர்கள் என்று 1982-இல் பூங்காவோடு சேர்ந்தே பிறந்தது அது. முதலாவதின் கட்டடத்தில் இப்போது மிக்கி மவுஸ் சவாரி இருக்கிறது. இரண்டாவதின் இடத்துக்கு மார்வெலின் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' ரோலர் கோஸ்டர் வந்துவிட்டது.

இந்த மாற்றங்களைப் பற்றிப் பேசும்போது, அந்தக் காலத்தில் பூங்காவுக்கென்றே கதைகள் பிறந்தன, இன்றோ எல்லாம் சினிமா என்று வருந்துகிற ஒரு வழக்கம் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே ஸ்னோ ஒயிட், பீட்டர் பான், மிஸ்டர் டோட் ஆகிய படக் கதைகள் சவாரிகளாக இருந்தன. நடுவில் நின்ற கோட்டைக்கு 'ஸ்லீப்பிங் பியூட்டி' இளவரசியின் பெயரை வைத்தார்கள். அந்தப் படம் திரைக்கு வந்ததோ 1959-இல்! வராத படத்துக்கு நான்கு ஆண்டுகளாகக் கல்லும் சுண்ணமுமாக நின்ற விளம்பரம் அது. சினிமாவும் தீம் பார்க்கும் முதல் நாளிலிருந்தே ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

வேறொன்று நடந்தது 1960-களில். 1963-இல் பேசும் பாடும் இயந்திரப் பறவைகளோடு 'என்சாண்டட் டிக்கி ரூம்', 1967-இல் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்', 1969-இல் 'ஹாண்டட் மேன்ஷன்' என்னும் பேய் மாளிகை வந்தன. மூன்றுக்கும் பின்னால் எந்தப் படமும் கிடையாது. ஆனால் இவற்றை உருவாக்கிய மார்க் டேவிஸ், கிளாட் கோட்ஸ், எக்ஸ் அடென்சியோ மூவரும் கார்ட்டூன் படப் பிரிவில் வளர்ந்தவர்கள். படத்தில் கற்றதில் எதைப் படகுக்குள் கொண்டுவர முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நகரும் படகில் இருப்பவரிடம் நீண்ட கதை சொல்ல முடியாது. ஒரு காட்சியைச் சில நொடிகள் பார்ப்பார், படகு நகர்ந்துவிடும். ஆகவே கடற்கொள்ளையர் சவாரியில் கதை என்று பெரிதாக எதையும் வைக்கவில்லை. ஊர் எரிகிறது, சிறைக்குள் இருப்பவர்கள் சாவிக்கொத்தை வாயில் கவ்விய நாயை எலும்புத்துண்டு காட்டி அழைக்கிறார்கள், கிணற்றில் ஒருவரை முக்கி எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரே பார்வையில் புரியும். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2003-இல்தான் அந்தச் சவாரியிலிருந்து படம் பிறந்தது. நாயும் சாவிக்கொத்தும் படத்திற்குள் போயின. 2006-இல் படத்தின் நாயகன் ஜாக் ஸ்பாரோ சவாரிக்குள் பொம்மையாக வந்து உட்கார்ந்தார். இன்று அதில் ஏறும் பிள்ளைகளுக்கு எது முந்தியது என்று தெரிய வாய்ப்பில்லை.

எப்காட்டின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். இந்த மாற்றத்தின் பொருளாதாரம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. 1982 அக்டோபர் 1 அன்று திறந்த அந்தப் பூங்காவின் அடிப்படை, அறிவியலும் உலக நாடுகளும். தொடக்கத்தில் மிக்கி மவுஸ் முதலான கார்ட்டூன் பாத்திரங்களைக்கூட அதற்குள் விடவில்லை. அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? பெருநிறுவனங்களிடமிருந்து. எரிசக்தி மண்டபத்துக்கு எக்ஸான், போக்குவரத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ், கற்பனை மண்டபத்துக்குக் கோடாக், எதிர்காலத்தைக் காட்டிய 'ஹொரைசன்ஸ்' சவாரிக்கு ஜெனரல் எலெக்ட்ரிக். ஒப்பந்தம் இருக்கும்வரை மண்டபம் இருக்கும். நிறுவனம் விலகிய பின் புதுப்பிக்கும் செலவை யார் தருவது என்ற கேள்வி வரும். 1990-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் விலகிய பிறகு 'ஹொரைசன்ஸ்' தள்ளாடியது. 1999-இல் மூடப்பட்டுப் பிறகு இடிக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்தது படம் சார்ந்த சவாரி அல்ல, விண்வெளிப் பயிற்சிச் சவாரி. கற்பனை மண்டபத்தையும் 1998-இல் மூடி, ஃபிக்மென்ட் என்ற செல்ல டிராகனைப் பெருமளவு வெளியேற்றிவிட்டு மாற்றியமைத்தார்கள். பார்வையாளர்களின் அதிருப்தி தாங்காமல் 2002-இல் ஃபிக்மென்ட்டைத் திரும்ப அழைத்துவந்தார்கள். நல்லதைக் கெடுக்கச் சினிமாதான் வேண்டும் என்றில்லை. சினிமா இல்லாமலும் கெடுத்திருக்கிறார்கள்.

ஸ்பான்சர்கள் விட்ட இடத்தில் சொந்தப் படங்கள் நுழைந்தன. 2007-இல் எப்காட்டின் கடல் மண்டபம் 'ஃபைண்டிங் நீமோ'வின் கைக்குப் போனது. அதே ஆண்டில் மெக்சிகோ மண்டபப் படகில் டொனால்ட் டக்கும் நண்பர்களும் ஏறினார்கள். வெளி நிறுவனத்தின் காசோலை நின்றபின், படப் பிரிவின் புகழே புதிய ஸ்பான்சர்.

ஆனால் மெதுவாக நடந்துகொண்டிருந்த இதை ஓட்டமாக மாற்றியவர் டிஸ்னிக்கு வெளியே இருந்தார்: ஹாரி பாட்டர். யுனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவுக்கு 2009-இல் ஏறத்தாழ 46 லட்சம் பேர் வந்தார்கள். 2010 ஜூனில் ஹாரி பாட்டர் பகுதி திறந்தது. 2011-இல் வந்தவர்கள் ஏறத்தாழ 77 லட்சம் பேர். அந்தப் பகுதி எழுந்த இடமும் வெற்று நிலம் அல்ல. புராணக் கதைகளை அடிப்படையாகக் கொண்ட 'லாஸ்ட் காண்டினென்ட்' பகுதியிலிருந்து ஒரு பெரும் பங்கை வெட்டி எடுத்துத்தான் அதைக் கட்டினார்கள். கோட்டையும் கடைத்தெருவும் மந்திரக்கோல் விற்பனையும் சேர்ந்து கொட்டிய வருமானத்தைப் பார்த்த பிறகு, 'ஜாஸ்' சுறாவுக்கு ஆயுள் இல்லாமல் போனது. அது நீந்திய நீர்நிலை இருந்த இடத்தில் 2014 ஜூலையில் ஹாரி பாட்டரின் இரண்டாவது பகுதியான டயகான் ஆலி திறந்தது.

டிஸ்னியும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. 2006-இல் பிக்ஸார், 2009-இல் மார்வெல், 2012-இல் ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிம் என்று அடுத்தடுத்து வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான கோடி டாலர். அவ்வளவு கொடுத்து வாங்கிய பெயர்களைப் பூங்காவுக்குள் கொண்டுவராமல் யார் விடுவார்கள்? இங்கே ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 1990-களிலேயே மார்வெல் தன் புகழ்பெற்ற நாயகர்களைப் பூங்காக்களில் பயன்படுத்தும் உரிமையை யுனிவர்சலுக்குக் கொடுத்திருந்தது. அதனால் ஃப்ளோரிடாவில் டிஸ்னியால் ஸ்பைடர்மேனையோ அயர்ன்மேனையோ சவாரியாக்க முடியவில்லை. யுனிவர்சல் தொடாத 'கார்டியன்ஸ்' குழுவுக்கு அந்தத் தடை இல்லை. எப்காட்டின் எரிசக்தி மண்டபத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்ததில் பொருத்தத்தைவிட இந்த ஒப்பந்தத்துக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

இனி கைவினைக்கு வருவோம். என் அக்கறை முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஒரு சவாரியை மாற்றும்போது பெரும்பாலும் கட்டடத்தையோ தண்டவாளத்தையோ நீர்க்கால்வாயையோ மாற்றுவதில்லை. செலவில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது. எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு தோலை மாற்றுகிறார்கள். வண்டி எங்கே ஏறும், எங்கே திரும்பும், எங்கே விழும் என்பதெல்லாம் பழைய கதைக்காகத் தீர்மானிக்கப்பட்டவை. புதிய கதை அந்த அசைவுகளுக்கெல்லாம் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்கிறதா என்று பாருங்கள். சவாரி தேறியதா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

எப்காட்டின் நார்வே மண்டபத்தில் 1988 முதல் ஓடிய 'மேல்ஸ்ட்ரோம்' படகை எடுத்துக்கொள்வோம். வைக்கிங் காலத்துக் கிராமத்தைக் கடந்து காட்டுக்குள் போகும்போது மூன்று தலைப் பூதம் ஒன்று குறுக்கே வந்து சாபம் இடும். உடனே படகு பின்னோக்கி ஓடும். அருவியின் விளிம்புவரை பின்பக்கமாகவே போய், திசை திரும்பி, புயலடிக்கும் வடகடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடைக்குப் பக்கத்தில் விழும். இறங்கியதும் நார்வே பற்றிய ஒரு குறும்படம். 2014 அக்டோபரில் அதை மூடி, 2013-இல் வந்து உலகெங்கும் வசூலைக் குவித்த 'ஃப்ரோசன்' படத்துக்கு அதே கால்வாயைக் கொடுத்தார்கள். 2016 ஜூன் 21 அன்று புதிய சவாரி திறந்தது. பூதம் தள்ளிய இடத்தில் இப்போது எல்சா தன் பனிச் சக்தியால் படகைப் பின்னோக்கித் தள்ளுகிறாள், படத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாடிக்கொண்டே. கைவினையாகப் பார்த்தால் இது தேறிவிட்டது என்றே சொல்வேன். அசைவுக்குக் காரணம் இருக்கிறது. பொம்மைகளின் முகங்கள் அசாத்திய உயிர்ப்போடு இருக்கின்றன.

தேறாதது வேறு ஒன்று. அந்த மண்டபம் நார்வேயைக் காட்டக் கட்டப்பட்டது. நார்வே நிறுவனங்களின் பணமும் அதில் இருந்தது. எல்சாவின் அரெண்டெல் நார்வேயின் சாயலில் வரையப்பட்ட கற்பனை ஊர். உலக நாடுகளுக்கென்று ஒதுக்கிய வளாகத்தில், இருக்கிற ஒரு நாட்டின் மீனவர்களையும் எண்ணெய்த் தொழிலையும் நாட்டுப்புறப் பூதங்களையும் எடுத்துவிட்டு, இல்லாத ஒரு நாட்டின் அரசியை வைத்தார்கள். 'மேல்ஸ்ட்ரோம்' மகத்தான சவாரி அல்ல, சிறியது, கடைசிக் காட்சிகள் அவசரமாக முடியும். ஆனாலும் நார்வேயில் எண்ணெய் எடுக்கிறார்கள் என்று ஒரு சிறுவன் அதில் தெரிந்துகொண்டான். கூடவே ஒரு நடைமுறைச் சிக்கலும் வந்தது. அமைதியான ஒரு மண்டபத்துக்கென்று கட்டிய சின்னப் படகுப் பாதையில் உலகமே பார்த்த படத்தை ஏற்றியதால், திறந்த நாட்களில் பல மணி நேரம் வரிசை நீண்டது.

கலிபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவின் 'டவர் ஆஃப் டெரர்' இன்னொரு வகை. மின்னல் தாக்கிய ஹோட்டல் லிஃப்டில் ஐந்து பேர் மறைந்துபோன கதை அது. லிஃப்ட் விழுவதே கதையின் முழு உள்ளடக்கம். 'ட்விலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடரின் பெயரை வேறு நிறுவனத்திடம் உரிமம் வாங்கிப் பயன்படுத்தியிருந்தார்கள். 2017 ஜனவரியில் மூடி, ஐந்து மாதம்கூட ஆகாமல் மே 27 அன்று 'கார்டியன்ஸ்' பெயரில் அதே கோபுரத்தைத் திறந்தார்கள். பயத்தை எடுத்துவிட்டுக் கொண்டாட்டத்தை வைத்தார்கள். லிஃப்ட் இப்போது பாட்டின் தாளத்துக்கு ஏறி இறங்குகிறது. பல நல்ல பார்வையாளர்களுக்கு இது பிடித்தது; எனக்கும் அதன் துணிச்சல் பிடிக்கும். ஆனால் விழப்போகிறோம் என்று தெரிந்தும் இருட்டில் காத்திருக்கும் அந்த அமைதியான சில நொடிகள் பழையதற்கே உரியவை. ஃப்ளோரிடாவில் 1994-இல் கட்டிய மூத்த கோபுரம் இன்னும் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட முடிகிறது.

'ஸ்பிளாஷ் மவுண்டன்' விவகாரத்தில்தான் எல்லா இழைகளும் சேர்ந்து முடிச்சாகின்றன. 1989-இல் டிஸ்னிலேண்டில் திறந்த இந்த நீர்ச்சறுக்குச் சவாரி, 1946-இல் வந்த 'சாங் ஆஃப் தி சவுத்' படத்தின் கார்ட்டூன் பகுதிகளை வைத்துச் செய்தது. அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டத்தில் கறுப்பின மக்களின் வாழ்வை இனிப்புப் பூசிக் காட்டியதற்காக வெளியான காலத்திலேயே கண்டனம் பெற்ற படம் அது. அமெரிக்காவில் வீடியோவாகவோ டிஸ்க்காகவோ டிஸ்னி அதை வெளியிட்டதே இல்லை. 2020 ஜூனில், இனவெறிக்கு எதிரான போராட்டங்கள் நாடெங்கும் நடந்துகொண்டிருந்தபோது, சவாரியை 2009-இல் வந்த 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்' படத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி டியானா அதன் நாயகி. 2024-இல் ஃப்ளோரிடாவில் ஜூனிலும் கலிபோர்னியாவில் நவம்பரிலும் புதிய சவாரி திறந்தது. டோக்கியோவில் மட்டும் பழையது தொடர்ந்து ஓடுகிறது.

மாற்றியது சரி. காட்டக் கூசும் படத்தின் பெயரால் ஒரு சவாரியை ஓட்டிக்கொண்டே இருக்க முடியாது. முயலும் நரியும் வரும் அந்தக் கதைகள் அடிப்படையில் கறுப்பின மக்களின் வாய்மொழிக் கதைகள். படம் அவற்றைக் கறைப்படுத்தியதால் கதைகளும் சேர்ந்து வெளியேறின என்பது எனக்குத் தீராத வருத்தம். அதற்காக முடிவைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் முப்பதாண்டுகளுக்கு மேல் அந்தச் சவாரியை உயிராக நேசித்த இலட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்கக் கிடைக்கவும் இல்லை. படம் தெரியாமலே சவாரி முழுதாகப் புரிந்தது. முயலை நரி பிடித்துவிடுகிறது. எதை வேண்டுமானாலும் செய், அந்த முட்புதரில் மட்டும் எறிந்துவிடாதே என்று முயல் கெஞ்சுகிறது. மரத்துண்டு வடிவ வண்டி மெல்ல மேலே ஏற, இருபுறமும் கழுகுகள் பயமுறுத்துகின்றன. உச்சியில் வெளிச்சம். அப்புறம் ஐம்பதடிக்கு மேல் நேரே கீழே, முட்புதருக்குள். முயல் எறியப்படும் கணமும் நீங்கள் விழும் கணமும் ஒன்றே. உங்கள் வயிறு புரளும்போதே கதையும் உச்சத்தை அடைகிறது. முட்புதரில் பிறந்து வளர்ந்த முயல் தப்பிவிட்டது என்ற நிம்மதியும், உயிரோடு இறங்கிவிட்டோம் என்ற உங்கள் சிரிப்பும் ஒன்றாகக் கலக்கின்றன. சவாரி என்ற கலை எட்டிய உயரங்களில் அது ஒன்று.

அதே சரிவு டியானாவிடம் வந்தபோது அதற்குக் காரணம் இல்லாமல் போனது. அவள் விருந்துக்கு இசைக் கலைஞர்களைத் தேடிப் போகிறாள்; நாமும் கூடப் போகிறோம். மாமா ஓடி என்ற மந்திரக் கிழவி நம்மைத் தவளை அளவுக்குச் சுருக்கி, பிறகு பழைய உருவத்துக்குக் கொண்டுவரும் இடத்தில் வண்டி விழுகிறது. யாரும் துரத்தவில்லை. எதுவும் பணயத்தில் இல்லை. பாட்டு அருமை, நியூ ஆர்லியன்ஸ் இசை ததும்புகிறது, பொம்மைகள் அற்புதம். ஆனால் படத்தில் நடுங்கவைக்கும் ஒரு வில்லன் இருந்தும் அவனைச் சவாரிக்குள் விடவில்லை. விழுவதற்குக் கட்டிய மலையில் விழும் பயத்தை எடுத்துவிட்டார்கள். டியானாவுக்கு இதைவிட நல்ல சவாரி கிடைத்திருக்க வேண்டும். அவள் கதைக்கென்றே புதிய பாதை போட்டிருக்க வேண்டும்.

படம் சார்ந்த சவாரிக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அது படத்தின் புகழோடு சேர்ந்தே மூப்படைகிறது. யுனிவர்சலில் 1991-இல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' 2007-இல் போனது. கிங்காங் இருந்த இடத்துக்கு 2004-இல் மம்மி வந்தது. சிங்கப்பூர் யுனிவர்சலில் மடகாஸ்கர் பகுதி மறைந்து 2025-இல் மினியன்கள் வந்தார்கள். 1998-இல் ஃப்ளோரிடாவின் டிக்கி ரூமில் பழைய பறவைகளோடு 'அலாதீன்', 'லயன் கிங்' படங்களின் பறவைகளையும் நுழைத்தார்கள். 2011-இல் தீப்பிடித்தபின், பழுதுபார்த்த கையோடு அவற்றை அகற்றிவிட்டு, 1963-இன் நிகழ்ச்சியை ஒட்டிய வடிவத்துக்கே திரும்பினார்கள். முப்பத்தைந்து ஆண்டு வேறுபாட்டில், புதியதுதான் முதலில் பழசானது.

சொந்தக் கதை செய்யும் திறமை வற்றிவிடவும் இல்லை. 2006-இல் ஃப்ளோரிடாவில் எவரெஸ்ட் மலையையும் எட்டி என்னும் பனிமனிதனையும் வைத்து ஒரு ரயில் சவாரி. அதே ஆண்டில் டோக்கியோ டிஸ்னிசீயில் தொலைக்காட்சித் தொடரின் உதவி இல்லாமல் முற்றிலும் புதிய கதையோடு ஒரு 'டவர் ஆஃப் டெரர்'. 2013-இல் ஹாங்காங்கில் 'மிஸ்டிக் மேனர்'. மூன்றுக்கும் ரசிகர்கள் குறையவில்லை. குறைந்தது, அப்படிப்பட்ட ஒன்றுக்குக் கையெழுத்திடும் நிர்வாகிகளின் நம்பிக்கை. பெரிய முதலீட்டுக்கு அனுமதி கேட்டுப் போகும்போது தெரிந்த படத்தின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. தெரியாத கதைக்கு அந்த வசதி இல்லை. 1967-இன் கடற்கொள்ளையர்களை இன்று யாராவது திட்டமாகக் கொண்டுவந்தால், எந்தப் படத்திலிருந்து என்று முதலில் கேட்பார்கள்.

அடுத்த தேர்வு அனிமல் கிங்டம் பூங்காவில் வருகிறது. அங்கே 1998-இல் திறந்த டைனோசர் சவாரிக்கு முதலில் சொந்தப் பெயர் இருந்தது. 2000-இல் 'டைனோசர்' படம் வெளியானபோது அந்தப் படத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். இப்போது அதையும் மூடி, இண்டியானா ஜோன்ஸ் சவாரியாக மாற்றி 2027-இல் திறப்பதாக டிஸ்னி அறிவித்திருக்கிறது. இந்த மாற்றத்தில் எனக்கு ஓரளவு நம்பிக்கை உண்டு. குலுங்கி, குப்புற வளைந்து, திடீரென நின்று பாயும் அந்த வண்டி முதன்முதலில் உருவாக்கப்பட்டதே 1995-இல் கலிபோர்னியாவில் திறந்த இண்டியானா ஜோன்ஸ் சவாரிக்காகத்தான். தண்டவாளத்தின் வடிவமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே பாதை கதையோடு ஒட்டாமல் போகும் சிக்கல் இங்கே எழ வாய்ப்பில்லை. அப்படியே கலிபோர்னியாவின் நகலாக வருமா, அல்லது அந்த அசைவுகளுக்குப் புதிய காரணங்களைக் கண்டுபிடிப்பார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.